ஐடா ரெட்டிலிருந்து தொடங்குங்கள்

(இசை ஆர்வலர்களின் மாதக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இன்றைய தலைப்பை எனக்குக் கொடுத்தவள் என் அக்காள் மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது கைபேசியை என் கையில் வைத்து, "மாமா, ராக், கன்ட்ரி ரெண்டுலயும் உங்களுக்குப் பிடிச்ச பாட்டா ஒரு பிளேலிஸ்ட் போட்டுக் கொடுங்க. பஸ்ல போறப்ப கேக்கறேன்" என்றாள். பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது.

எந்தப் பாட்டு என்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. எதற்குப் பிறகு எது என்பதில்தான் சிக்கல். முதலில் ராக் பாட்டுகளை ஒரு கட்டாகவும் கன்ட்ரி பாட்டுகளை இன்னொரு கட்டாகவும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நல்ல பாட்டு. ஆனால் சேர்த்துக் கேட்டால் உயிர் இல்லை. ஏன் என்று யோசித்தபோது கல்லூரி விடுதியில் கேட்ட ஒரு கேசட் நினைவுக்கு வந்தது.

அறைத்தோழன் ஒருவன் யாரிடமோ பதிவு செய்து வாங்கி வந்த அறுபது நிமிடக் கேசட் அது. அட்டையில் ஓர் எழுத்துகூட இல்லை. யார் பாடுகிறார்கள், எந்த ஊர், எந்த வகை, எதுவும் எங்களுக்குத் தெரியாது. அதில் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் பாட்டு ஒன்று முடிந்ததும் ஹாங்க் வில்லியம்ஸ் வருவார். முன்னது ராக், பின்னது கன்ட்ரி என்று பல வருடம் கழித்துப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் என் காதில் பட்டார்கள். அந்தக் காது சொன்னது சரி என்று இன்று உறுதியாகச் சொல்வேன். கிரீடன்ஸ் குழு 1970இல் போட்ட 'லுக்கிங் அவுட் மை பேக் டோர்' பாட்டில் கன்ட்ரி பாடகர் பக் ஓவன்ஸின் பெயரே வருகிறது.

பிறகு எப்படி இரண்டு வகையாயிற்று? 1920களில் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் தங்கள் விலைப்பட்டியலில் கறுப்பர்கள் பாடிய தட்டுகளை 'ரேஸ்' என்ற வரிசையிலும், தெற்கு மலைநாட்டு வெள்ளையர் பாடியவற்றை 'ஹில்பில்லி' போன்ற பெயர்களிலும் பிரித்துப் போட்டன. யார் வாங்குவார்கள் என்ற கடைக்காரர் கணக்குதான் அது. 1949இல் பில்போர்டு பத்திரிகை 'ரேஸ்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'ரிதம் அண்டு புளூஸ்' என்று போட்டது. மற்ற வரிசைக்குக் 'கன்ட்ரி அண்டு வெஸ்டர்ன்' என்று பெயர் வந்தது. பெயர் மாறியதே தவிர அலமாரி மாறவில்லை. பாட்டுக்காரர்களோ அந்த அலமாரியை மதிக்கவே இல்லை. ஒருவர் வாசித்ததை இன்னொருவர் கேட்டார், எடுத்துக்கொண்டார், தன் வழியில் வாசித்தார். கன்ட்ரியின் அடையாளமாக இன்று எல்லோரும் நினைக்கும் பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வாத்தியம். அழுவது போல வழுக்கிச் செல்லும் ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. நம் கோட்டுவாத்தியத்தில் தந்தியின்மேல் கட்டையை வழுக்கி வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலி உடனே பிடிபடும்.

ஆகவே, ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று பட்டியலை அடுக்கினேன்.

முதலில் 'ஐடா ரெட்'. யார் கட்டினார்கள் என்று தெரியாத பழைய ஃபிடில் பாட்டு. டெக்சஸில் புகழ்பெற்றிருந்த பாப் வில்ஸும் அவருடைய டெக்சஸ் பிளேபாய்ஸ் குழுவும் 1938இல் பதிவு செய்தார்கள். ஆடுவதற்காகவே வாசித்த பாட்டு; கேட்பவர் கால் சும்மா இருக்காது. அதை முடித்த கையோடு சக் பெர்ரியின் 'மேபலீன்' கேளுங்கள். செயின்ட் லூயிஸ் நகரத்துக் கறுப்பர் பெர்ரி. அங்கே கிளப்புகளில் கறுப்பர் கூட்டத்துக்கு முன்னால் மலைநாட்டுப் பாட்டுகளைப் பாடிப் பழகியவர். முதலில் சிரித்தவர்களே பிறகு அதைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஐடா ரெட்டை அடியாக வைத்து ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டு சிகாகோவின் செஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போனார். பெயரை மாற்றச் சொன்னார்கள். 1955 மே 21 அன்று அது 'மேபலீன்' ஆகப் பதிவானது. ராக் அண்டு ரோல் பிறந்த கதையைச் சொல்பவர்கள் யாரும் விடாமல் சொல்லும் பாட்டு, ஒரு கன்ட்ரி ஃபிடில் பாட்டின் மகள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நான் விளக்கவே வேண்டியதில்லை. ஃபிடில் இழுத்த இடத்தில் மின்சாரக் கிட்டார் காரின் வேகத்தில் ஓடுவது தெரியும்.

அடுத்து எல்விஸ் பிரஸ்லியின் முதல் தட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரில், சாம் ஃபிலிப்ஸ் நடத்திய சன் ஸ்டூடியோவில் பதிவானது. எல்விஸுக்கு வயது பத்தொன்பது. கூட ஸ்காட்டி மூர் கிட்டார், பில் பிளாக் பேஸ். டிரம்ஸ் கிடையாது. தட்டின் ஒரு பக்கத்தில் 'தட்ஸ் ஆல் ரைட்', ஆர்தர் குருடப் என்ற கறுப்பின புளூஸ் பாடகருடையது. மறுபக்கத்தில் 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி', புளூகிராஸ் இசையின் தந்தை என்று போற்றப்படும் பில் மன்ரோவினுடையது. கடைக்காரர்கள் கட்டிய இரண்டு அலமாரியும் ஒரே தட்டின் இரண்டு பக்கம்!

மன்ரோவின் பழைய பதிவு வால்ட்ஸ். நம் கணக்கில் திஸ்ர நடை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மூன்றாக, நிலா வெளிச்சத்தில் நடப்பது போல நிதானமாகப் போகும். எல்விஸ் அதைச் சதுஸ்ரத்துக்கு மாற்றி, வேகமும் கொடுத்து அடித்துவிட்டார். வேறொருவராக இருந்தால் கோபித்திருப்பார். மன்ரோ என்ன செய்தார் தெரியுமா? அதே 1954இல் தன் பாட்டைத் தானே மறுபடி பதிவு செய்தார். தொடக்கத்தில் பழைய வால்ட்ஸ். பாதியில் நடை மாறுகிறது; நாலு நாலாகப் பாய்கிறது. பெரியவர் அந்தப் பையன் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். என் பட்டியலில் எல்விஸுக்கு அடுத்து மன்ரோவின் அந்த 1954ஆம் ஆண்டுப் பதிவுதான் இருக்கிறது. நடை மாறும் அந்த ஒரு கணத்துக்காக எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

இங்கிருந்து பின்னால் போக வேண்டும். 1927. டென்னசியும் வர்ஜீனியாவும் தொடும் இடத்தில் பிரிஸ்டல் என்ற ஊர். ஊரின் முக்கியத் தெருவின் நடுவேதான் இரு மாநில எல்லை. விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பீர் என்பவர் அங்கே வந்து, முன்பு தொப்பியும் கையுறையும் விற்ற கம்பெனியின் கட்டடத்தில் கருவிகளை வைத்துக்கொண்டு, ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் 5 வரை அக்கம்பக்கத்துப் பாட்டுக்காரர்களைப் பாடவைத்துப் பதிவு செய்தார். வந்தவர்களில் ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, உறவுக்காரப் பெண் மேபெல் என்று ஒரு குடும்பம். மேபெல் அப்போது கர்ப்பிணி. கரடுமுரடான மலைப்பாதையில் காரில் வந்து பாடினார்கள்.

மேபெலின் வலது கைக் கட்டைவிரலைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். அதுவரை அந்த ஊர்ப்பக்கத்தில் கிட்டார் பெரும்பாலும் பாட்டுக்குப் பின்னால் தாளம் போடும் வாத்தியம். மேபெல் கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டையே வாசித்தார். அதே நேரத்தில் சுட்டுவிரல் மெல்லிய தந்திகளை வருடித் தாளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். ஒரு கையில் இருவர் வாசிப்பது போல இருக்கும். 1928இல் பதிவான 'வைல்டுவுட் ஃபிளவர்' பாட்டில் இது பளிச்சென்று கேட்கிறது. பழைய தட்டுக்கே உரிய கரகரப்பு இருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டு, குரலை விட்டுவிட்டுக் கீழே போகும் தந்தியை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். இன்றைக்கும் கிட்டார் கற்றுக்கொள்பவர்கள் 'கார்ட்டர் ஸ்கிராட்ச்' என்று அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள்.

இன்னொருவரையும் இங்கே சொல்லாமல் போனால் நியாயமில்லை. ஏ.பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் பாட்டுச் சேகரிக்கப் போகும்போது லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞரைக் கூட அழைத்துப் போவார். விபத்தில் ஒரு காலை இழந்தவர் ரிடில். கார்ட்டர் பாட்டின் சொற்களை எழுதிக்கொள்வார். மெட்டை நினைவில் வைத்துக்கொண்டு வருவது ரிடிலின் வேலை. தட்டில் அவர் பெயர் இல்லை. ஆனால் கன்ட்ரி இசையின் முதல் குடும்பம் என்று சொல்லப்படும் அந்தக் குடும்பத்தின் மெட்டுகளில் எத்தனையோ அவர் தலைக்குள் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தவை. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பாட்டு வேறு மாதிரி கேட்கிறது.

அதே பிரிஸ்டலில் அதே வாரம் பாடியவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். ரயிலில் பிரேக்மேனாக இருந்தவர், காசநோயாளி. குரலை மார்பிலிருந்து சட்டென்று உடைத்துக் கள்ளக்குரலுக்கு ஏற்றி இறக்கும் யோடல் அவருடைய முத்திரை. அவர் பாட்டுகளில் நான் சிபாரிசு செய்வது 1930இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவான 'புளூ யோடல் நம்பர் 9'. அதில் டிரம்பெட் வாசிப்பவர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். பியானோ அவர் மனைவி லில் ஹார்டின். ஜாஸ் இசையின் மாமேதை ஒரு ரயில்காரனின் பாட்டுக்கு வாசிக்கிறார். தட்டில் அவர் பெயரைப் போடவில்லை. ராட்ஜர்ஸ் தாளத்தில் கறார் இல்லாதவர், தோன்றிய இடத்தில் நீட்டுவார். ஆர்ம்ஸ்ட்ராங் எப்படிக் காத்திருந்து பிடிக்கிறார் என்று கவனியுங்கள். நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். ராட்ஜர்ஸ் 1933இல், கடைசிப் பதிவு முடிந்த இரண்டே நாளில் நியூயார்க்கில் இறந்தார். அந்தப் பதிவின்போது பாட்டுக்குப் பாட்டு ஸ்டூடியோவில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வயது முப்பத்தைந்து.

ஹாங்க் வில்லியம்ஸைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. அலபாமாவின் தெருக்களில் வாசித்த ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினக் கலைஞரிடம் சிறுவனாக இருந்தபோது கிட்டார் கற்றவர், 1953 புத்தாண்டு நாளில், கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின் இருக்கையில் உயிர் போனது, வயது இருபத்தொன்பது. 'ஐ'ம் சோ லோன்சம் ஐ குட் க்ரை' பாட்டை இரவில் தனியாகக் கேளுங்கள், பேருந்தில் வேண்டாம் என்று மட்டும் அக்காள் மகளிடம் சொன்னேன்.

அடுத்து ஒரு விபத்தின் கதை. ராக் இசை என்றாலே நமக்கு நினைவு வருவது கிட்டாரின் அந்தக் கிழிந்த, கரகரத்த ஒலி. அந்த ஒலியைத் தரும் ஒரு பெட்டியின் கதை எந்தப் பாட்டில் தொடங்கியது தெரியுமா? நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொரி' என்ற சாதுவான கன்ட்ரி பாட்டில்! 1961இல் வந்தது. பதிவின்போது கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் போய்ச் சேர்ந்த ஒலிக்கலப்பு மேசையில் ஒரு பகுதி பழுதாகி, ஒலி தேனீக்கூட்டம் கலைந்தது போல வந்தது. தூக்கிப் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாட்டின் நடுவில் பியானோவும் குரலும் மென்மையாகப் போய்க்கொண்டிருக்க, திடீரென்று அந்த ரீங்காரம் எழும்பும். முதல் தடவை கேட்பவர் ஹெட்போன் கெட்டுவிட்டது என்றே நினைப்பார். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்கிற ஒரு பெட்டியாகச் செய்தார். கிப்சன் கிட்டார் கம்பெனி 1962இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அந்தப் பெட்டியைக் காலால் மிதித்து வாசித்ததுதான் 'சாடிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டின் தொடக்கம். பிறகு அந்த இடத்தில் ஊதுகுழல் வாத்தியங்களைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அடையாளத்துக்கு வாசித்தது அப்படியே நின்றுவிட்டது. என் பட்டியலில் 'டோன்ட் வொரி' முடிந்ததும் 'சாடிஸ்ஃபாக்‌ஷன்' வரும். வேறு எதையும் நடுவில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெண்களின் குரல் இல்லாமல் இந்தப் பட்டியல் பட்டியலே அல்ல. பாட்ஸி கிளைனின் 'கிரேஸி', வில்லி நெல்சன் எழுதியது. 1961 ஜூனில் பெரிய கார் விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, ஊன்றுகோலோடு ஸ்டூடியோவுக்கு வந்தார் பாட்ஸி. விலா எலும்பு வலியில் மேல் சுரங்களைப் பிடிக்க முடியவில்லை. வாத்தியங்களை மட்டும் பதிவு செய்துகொண்டு, சில வாரம் கழித்து வந்து பாடிக் கொடுத்தார். மேலே ஏறும் இடங்களில் மூச்சை எவ்வளவு தாராளமாக விடுகிறார் என்று கேட்கும்போது அந்த விலா எலும்பு எனக்கு நினைவு வராமல் இருந்ததில்லை. லொரெட்டா லின் கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். 1970இல் வந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' அவருடைய சொந்த வீட்டின் கதை. நீளமாகிவிட்டது என்று அதில் சில சரணங்களை வெட்ட வேண்டியிருந்தது. டாலி பார்ட்டனிடமிருந்து 1973இன் 'ஜோலீன்'. டாலியைப் பற்றி இன்னொன்றும் அக்காள் மகளுக்குச் சொன்னேன். அவர் எழுதிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை எல்விஸ் பாட விரும்பினார்; ஆனால் பாட்டின் உரிமையில் பாதியை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எல்விஸின் மேலாளர் கேட்டார். டாலி மறுத்துவிட்டார். 1992இல் விட்னி ஹ்யூஸ்டன் அதைப் பாடி உலகமே கேட்டபோது முழு உரிமையும் டாலியிடமே இருந்தது.

இனி ஜானி கேஷ். 1956இன் 'ஐ வாக் தி லைன்'. அதில் 'சக் சக்' என்று ஒரு தாள ஒலி வரும். டிரம்ஸ் என்று நினைப்பீர்கள். கேஷ் தன் கிட்டார் தந்திகளுக்கு இடையே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிக்கொண்டு அடித்த ஒலி அது. வீட்டில் கிட்டார் இருந்தால் ஒரு பேருந்துச் சீட்டை மடித்துத் தந்திகளின் மேலும் கீழுமாகப் பின்னிவிட்டு அடித்துப் பாருங்கள், அதே ஒலி வரும். ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதி மாறுகிற பாட்டு அது. புதுச் சுருதியைப் பிடிக்க கேஷ் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் முனகிக்கொண்டு தொடங்குவார். அந்த முனகலை அழிக்காமல் விட்டதற்கு நான் நன்றி சொல்கிறேன்.

கேஷ் மணந்தது ஜூன் கார்ட்டரை. பிரிஸ்டலுக்குக் கர்ப்பிணியாக வந்தாரே மேபெல், அவருடைய மகள். 'ரிங் ஆஃப் ஃபயர்' பாட்டை மெர்ல் கில்கோருடன் சேர்ந்து எழுதியவர் ஜூன். அதை முதலில் பதிவு செய்தவர் அவருடைய தங்கை அனிதா. 1963இல் மெக்சிகோ பாணி டிரம்பெட்டுகளோடு கேஷ் பாடியபோதுதான் உலகப் புகழ் பெற்றது. அதன்பிறகு முப்பது வருடத்தைத் தாண்டுங்கள். நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவின் டிரென்ட் ரெஸ்னர், முப்பது வயதுகூட ஆகாத இளைஞராக, 1994இல் வெளியிட்ட பாட்டு 'ஹர்ட்'. இயந்திர இரைச்சலும் சுயவெறுப்பும் நிறைந்தது. 2002இல் எழுபது வயது கேஷ் அதைப் பாடினார். கிட்டார், பியானோ, நடுங்கும் குரல். ஒரே ஒரு வசைச்சொல்லை எடுத்துவிட்டு அங்கே விவிலியத்தை நினைவூட்டும் ஒரு சொல்லை வைத்தார். இளைஞன் தன்னையே காயப்படுத்திக்கொண்ட பாட்டு, ஒரு கிழவர் தன் ஆயுளைத் திரும்பிப் பார்க்கும் பாட்டாகிவிட்டது. அதன் காணொளியில் ஜூன் படியில் நின்று கணவரைப் பார்க்கிறார். 2003 மே மாதம் ஜூன் இறந்தார், செப்டம்பரில் கேஷ். இதில் எது ராக், எது கன்ட்ரி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நேரம் ஆகிறது, கொஞ்சம் வேகமாகப் போகிறேன். 1962இல் ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாட்டுகளாகவே எடுத்து ஒரு முழு ஆல்பம் போட்டார். அதிலிருந்து 'ஐ கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ'. 1968இல் தி பேண்டு குழுவின் 'தி வெயிட்'. நால்வர் கனடாக்காரர்கள், ஒருவர் ஆர்கன்சாஸ்காரர். களைத்துப்போன ஒரு வழிப்போக்கனின் கதை. பாட்டு லெவன் ஹெல்மின் குரலிலிருந்து ரிக் டாங்கோவின் குரலுக்குக் கைமாறும் இடத்தைத் தவறவிடாதீர்கள். அதன் முதல் வரியில் வரும் நாசரேத், பென்சில்வேனியாவில் மார்ட்டின் கிட்டார் செய்யும் ஊர். நீல் யங்கின் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்': ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக 1971இல் நாஷ்வில் வந்த இடத்தில் பதிவு செய்தது. பின்பாட்டு பாடிய லிண்டா ரான்ஸ்டட், ஜேம்ஸ் டெய்லர் இருவரும் அதே நிகழ்ச்சிக்கு வந்த விருந்தாளிகள்.

கடைசியில் டிரேசி சாப்மனின் 'ஃபாஸ்ட் கார்', 1988. கறுப்பினப் பெண் ஒருவர், ஒரு கிட்டார், வறுமையிலிருந்து தப்பிக்க நினைக்கும் ஒருத்தியின் கதை. 2023இல் லூக் கோம்ப்ஸ் என்ற கன்ட்ரி பாடகர் அதைப் பதிவு செய்தார். சிறுவனாக அப்பாவோடு வண்டியில் போகும்போது கேட்ட பாட்டாம். பெண் தன்னைப் பற்றிச் சொல்லும் வரியைக்கூட ஆணுக்கு மாற்றாமல் அப்படியே பாடினார். கன்ட்ரி இசைச் சங்கத்தின் 'ஆண்டின் சிறந்த பாட்டு' விருது சாப்மனுக்குப் போனது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். சாப்மன் பாடும்போது கோம்ப்ஸ் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டே அவரைப் பார்த்து நின்றார். முடிந்ததும் அவருக்குத் தலைவணங்கினார்.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கைபேசியில் ஷஃபிள் பொத்தானை அணைத்துவிடுங்கள். இந்தப் பட்டியலை வரிசையாகத்தான் கேட்க வேண்டும். பழைய பாடகர்கள் பலர் தங்கள் பாட்டைப் பின்னாளில் மறுபடி பதிவு செய்திருப்பதால், ஆண்டைச் சரிபார்த்துப் போடுங்கள். பாப் வில்ஸ் பெயரில் 'ஐடா ரெட் லைக்ஸ் தி பூகி' என்று ஒன்று வரும். அது பிற்காலத்துப் பாட்டு. உங்களுக்கு வேண்டியது வெறும் 'ஐடா ரெட்', 1938.